இரண்டு கட்டை கீழே

ஷமீரான் கீபோர்டில் பொத்தானை அழுத்தி, இடது கையால் ஒரு சுரத்தைத் தொட்டாள். தாளம் சரியாகத்தான் கிளம்பியது. சுருதிதான் அவளுடையது இல்லை.

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அடுத்த பொத்தானை அழுத்தினாள். அதுவும் இரண்டு கட்டை கீழே. அதற்கடுத்ததும் அப்படியே.

பாட்டுக்கு ஒரு பொத்தான். தாளம், வாத்தியம், சுருதி எல்லாம் அதில் பதிந்திருக்கும். மேடையில் தொட்டால் போதும். பதிந்து வைப்பது கணவன் யோனானின் வேலை. ஈராக்கிலிருந்து சிகாகோ வந்த நாளாக அவன் வாசிக்க, அவள் பாட, தங்கள் இனத்தாரான அசீரியர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுவிடாமல் இருவரும் போயிருக்கிறார்கள்.

அவளுக்கான பழைய பதிவுகள் அப்படியே இருந்தன. பக்கத்திலேயே புதிதாக ஒரு வரிசை. அதே பாட்டுகள், சுருதி மட்டும் வேறு. ஒவ்வொன்றாக உட்கார்ந்து இறக்கிப் பதிந்திருக்கிறான். சாப்பாடு ஆனதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் தினமும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனது இதற்குத்தானா?

அந்தச் சுருதியில் பாடுகிறவள் ஒருத்திதான். டெட்ராய்ட்டிலிருந்து வந்து பாடும் மாதலீன். கம்மிய, கனத்த குரல்.

போன வாரம் ஷமீரானுக்கு முடி வெட்டும்போது தோழி நஹ்ரீன் சீண்டினாள்: "உன் வீட்டுக்காரனைப் பூட்டி வையுடி. மாதலீன் கீபோர்டு வாசிக்க ஆள் தேடுறாளாம்!" அன்றைக்கு ஷமீரானும் சேர்ந்துதான் சிரித்தாள்.

வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன். டாக்டர் காகிதத்தில் படமெல்லாம் போட்டு நெடுநேரம் பேசினார். அவளுக்கு இங்கிலீஷ் வராது. "சின்னக் கட்டியாம். எடுத்துடலாமாம்," என்றான் யோனான்.

"அவ்வளவு நேரம் இதையா சொன்னாரு?"

"இந்த ஊர்க்காரங்க வணக்கம் சொல்லவே கால் மணி நேரம் எடுப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

ஆக, அவள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடப்பாள். அவளுடைய மைக்கைப் பிடித்துக்கொண்டு மாதலீன் நிற்பாள். ஷமீரான் கீபோர்டை அணைத்துவிட்டு, துணி மாற்றப் போனாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று பிற்பகல் பக்கத்து ஊரான ஸ்கோக்கியில் ஒரு நிச்சயதார்த்தம். மண்டபம் முழுக்கக் கைகோத்து வளைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா வரிசைக்கு முன்னால் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு போனார். கடைசிப் பாட்டுக்கு முன் ஷமீரான் மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அரைக் கட்டை ஏத்து."

"வேண்டாம் ஷமீரான். கழுத்து வலிக்கும்."

"ஏத்துன்னா ஏத்து."

ஏற்றினான். முதல் சரணம் முடிந்ததும் மறுபடி திரும்பினாள். "இன்னும்."

"எதுக்கு இப்ப இந்த வீம்பு?"

"ஏன், உன் பொத்தான் கீழ மட்டும்தான் போகுமா?"

யோனான் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஏற்றினான்.

அதற்குமுன் அவள் அப்படிப் பாடியதே இல்லை. மாதலீன் ஏணி வைத்தாலும் எட்டாத இடத்துக்குப் போய், அங்கேயே நின்றாள். பெண்கள் குலவையிட்டார்கள். மணப்பெண் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டாள்.

ஷமீரான் ஓரக்கண்ணால் பார்த்தாள். யோனான் கீபோர்டின் மேல் குனிந்திருந்தான். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது. துடைக்கக் கையை எடுத்தால் பாட்டு நின்றுவிடும். உறுத்துகிறது போல, அழட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தினார்கள். அவள் கேட்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் இன்னும் வெயில் இருந்தது. யோனான் கீபோர்டை உறையில் போட்டு, வேனின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எப்படி இருந்துச்சு என் பாட்டு?" என்றாள்.

"இந்த மாதிரி நீ பாடி நான் கேட்டதே இல்ல."

"மாதலீனுக்கு வருமா?"

"மாதலீனா? அவ எதுக்கு இப்ப?"

"நடிக்காதே. காலையில பார்த்தேன். எல்லாப் பாட்டையும் ரெண்டு கட்டை இறக்கிப் புதுசா பதிஞ்சு வச்சிருக்கே. நான் எப்ப படுப்பேன், அவளை எப்ப மேடையேத்தலாம்னு காத்துட்டிருக்கே, இல்லையா?"

யோனானின் கை உறையின் மேலேயே நின்றது. மெல்ல வேனின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"சத்தியமா அவளுக்கு இல்ல."

"பின்ன எவளுக்கு? வேற ஒருத்தி இருக்காளா? பேரைச் சொல்லு."

"ஷமீரான்… இங்க வா, பக்கத்துல உட்காரு."

"உட்காரமாட்டேன். நம்ம ஆளுங்கள்ல அந்தச் சுருதியில பாடுறவ வேற யாரு?"

அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள். மறுபடி பிடித்தான், இந்தத் தடவை விடவில்லை.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, டாக்டர் சொன்னதை மறைச்சுப் பொய் சொல்லிட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் உன் குரல் அந்தச் சுருதி வரைக்கும்தான் ஏறுமாம்."