நாத்தனாருக்கு ஆறு கோப்பைகள்

ஐந்தாவது பெட்டியையும் திறந்து காட்டினார் விற்பனையாளர். அந்தப் பெண் ஆறு கோப்பைகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுவும் வேண்டாம். வேற காட்டுங்க."

"ஒரு கீறல்கூட இல்லையேம்மா. யாருக்குப் பரிசு?"

"நாத்தனாருக்கு. லீவுக்குப் பத்து நாள் தங்க வர்றாங்க. எதுலயும் குறை கண்டுபிடிச்சிடுவாங்க."

லீவு வந்தாலே இப்படி உயிரை வாங்குகிறவர்கள் கடைக்கு வந்துவிடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவது பெட்டியைத் திறந்தவர், உடனே மூடினார். "இது வேண்டாம்மா. ஒரு கோப்பையோட பிடி கோணலா இருக்கு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வச்சது."

"குடுங்க, பார்க்கலாம்." பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இதையே கட்டிக் குடுங்க."

"நாத்தனார் குறை சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லணும். பத்து நாளும் இந்தப் பிடியைப் பத்தியே சொல்லிட்டிருக்கட்டும். இது இல்லைன்னா என் சமையல்ல ஆரம்பிச்சு, நான் பிள்ளை வளர்க்கிற லட்சணத்துல வந்து நிப்பாங்க."

அவள் போனதும் விற்பனையாளர் உள்ளே போனார். திருப்பி அனுப்ப வைத்திருந்த சாமான்களைக் கிளறி, லேசாகச் சாய்ந்து நிற்கும் பூச்சாடி ஒன்றைத் தேடி எடுத்தார்.

அவருடைய மாமியார் நாளைக்கு வருகிறார்.