வேனுக்கு இரண்டு பேனல்

கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றிய வேன் அது. சோலார் பூட்ட வந்த ஷிஃபான் அதன் கூரையை அளந்துவிட்டு இறங்கினான். கம்பளை ஸவாஹிர் மாஸ்டரும் மனைவி மர்ளியாவும் பென்ஷனுக்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்றப் போகிறார்கள் என்று நினைக்க, அவனுக்குப் பொறாமையாகவே இருந்தது.

“ஒரு பேனல் போதும் மாமி.”

“ரெண்டு போடுங்க மகன். அவருக்கு டீவி, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் வேலை செய்யணும்.”

“செய்யும். வேன் ஓடக்குள்ள எஞ்சினும் பெட்டரிய சார்ஜ் பண்ணும்தானே.”

“எஞ்சின் எங்க இரிக்கி? அத வித்தாச்சி.”

ஷிஃபான் முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது.

“அப்ப பயணம்?”

“என்ன பயணம்? பென்ஷன் எடுத்த நாள்ல இருந்து மனிசன் குசினிய விட்டு வெளிய வாறல்ல. சட்டி மூடியத் தொறந்து உப்புப் பாக்கிறார். எனக்கே வெங்காயம் வெட்டப் படிச்சிக் குடுக்கிறார். இனி இதுக்குள்ள இரிக்கட்டும்.”

ஷிஃபான் குரலைத் தாழ்த்தினான். “இது மாஸ்டருக்குத் தெரியுமா மாமி?”

“எஞ்சினக் கழட்டி வித்ததே அவர்தான் மகன். ஓடுற வேனா இரிந்தா நானும் ஏறிக்குவேன்டு பயம்.”