கயிறா, பட்டனா?

“மைனஸ் இருபதுல பாட்டரி செத்துப்போயிடும் முசியே. கயிறு சாவாது” என்றார் லூர்துபிரகாஷ், கழுத்து வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே.

மூலக்குளத்துக் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. கிறிஸ்துமஸ் விழாக் குழு கூடியிருந்தது. போன வருஷம் இவர்களுடைய கிறிஸ்துமஸ் தாத்தா ஜீப்பில் வந்தார். பக்கத்து நகர்க்காரர்கள் தங்கள் தாத்தாவைக் குதிரை வண்டியில் இறக்கி மானத்தை வாங்கிவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் ஸ்னோமொபைல். பனியில் சறுக்கிக்கொண்டு ஓடுமே, அந்த மோட்டார் வண்டி. கண்ணையன் பட்டறையில் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஸ்டார்ட் செய்ய இழுக்கிற கயிறா, அமுக்குகிற பட்டனா என்பதுதான் பாக்கி.

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருந்தது. தாத்தா வேஷம் எப்போதும் பிரான்சுவாவுக்குத்தான். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர், அதனால் எல்லாருக்கும் ‘முசியே’. பஞ்சுத் தாடி ஒட்டாமலே பாதித் தாத்தா. மழைக்கு முன்புதான் வலது தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பட்டன் என்றால் ஒரு விரல் போதும். கயிறு என்றால், வேஷம் தலைவர் லூர்துபிரகாஷின் மாப்பிள்ளை ஜெரினுக்குப் போய்விடும்.

இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குழு என்றால் தொழில்நுட்பம்தான் பேசும்.

“நான் பிரான்சுல, க்ரெனோபிள் பனியிலயே பார்த்திருக்கேன்” என்றார் பிரான்சுவா. “இப்ப வர்ற பாட்டரி குளிருக்கெல்லாம் அசையாது. கூட்டத்துக்கு நடுவுல கயிற இழு இழுன்னு இழுத்து, வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா பெர் நோயல் தாத்தா மானம் என்னாவும்?”

“பட்டன அமுக்கறதுக்குத் தாத்தா எதுக்கு? லிஃப்ட்ல போறவன்கூட அமுக்கறான்” என்றார் லூர்துபிரகாஷ். வாழ்நாள் முழுக்க மின்துறையில் சம்பளம் வாங்கியவர், மின்சாரத்தின் மேல் அவருக்கு இவ்வளவு அவநம்பிக்கை இருந்தது அன்றுதான் வெளியே தெரிந்தது. “இழுக்கற காட்சிதான் கெத்து. ஜெரின், நீ என்னா சொல்ற?”

“எதுன்னாலும் ஓகே மாமா” என்றான் ஜெரின், போனிலிருந்து தலை தூக்காமல். ஜிம்முக்குப் போகிற புஜம் டீஷர்ட் கையைப் பிதுக்கிக்கொண்டிருந்தது.

பிரான்சுவாவின் மனைவி ரோசா குறுக்கிட்டாள். “தலைவரே, சுத்தி வளைக்காதீங்க. அந்தச் செகப்பு அங்கியப் போட்டாதான் எங்க வீட்டு மனுஷன் வருஷத்துக்கு ஒருவாட்டி சிரிக்கிறாரு. அதையும் புடுங்கணுமா?”

“சேச்சே, அவரு மேல எனக்கு எவ்ளோ மரியாதை. வண்டியோட நன்மைக்குத்தான் பேசறேன் மதாம்.”

“எனக்காக யாரும் கெஞ்ச வேணாம்” என்றார் பிரான்சுவா, மீசையை நிமிர்த்தி. “கயிறுன்னே வையுங்க. நான் இழுப்பேன்.”

லூர்துபிரகாஷ் இதற்காகத்தான் காத்திருந்தார். உடனே தீர்மானம் எழுதப்பட்டது: வண்டிக்குக் கயிறு, இழுப்பவர் ஏறுவார். “வெளிய சங்கத்து ஜெனரேட்டர் இருக்குது. அதுவும் கயிறுதான். இழுத்துக் காட்டுங்க முசியே, சீட்டு உங்களுது.”

“ஏங்க, வேணாங்க” என்றாள் ரோசா. “வீட்டுல தேங்கா துருவச் சொன்னா தோள் வலிக்குதும்பீங்க.”

“அது தேங்கா. இது கௌரவம்.”

கூடம் மொத்தமும் வாசலுக்கு வந்தது. பிரான்சுவா சட்டைக் கையை மடித்து, காலை ஊன்றி, கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. மறுபடி இழுத்தார். முனகியது. கண்ணை மூடி, ராணுவத்தில் கற்ற கெட்ட வார்த்தை ஒன்றை பிரெஞ்சில் சொல்லி இழுத்தார். ஜெனரேட்டர் உறுமிப் புகை கக்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பிரான்சுவாவும் தட்டப் பார்த்தார். வலது கை வரவில்லை.

“ரோசா, ஒரு ஆட்டோ கூப்பிடு” என்றார் மெதுவாக. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு வெற்றிக் களை.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பேசும்போது லூர்துபிரகாஷ் பெருந்தன்மையோடு பக்கத்தில் வந்தார். “இழுத்துட்டாரு, ஒத்துக்கறேன். ஆனா கட்டுப் போட்ட கையோட விழாவுல எப்படி இழுப்பாரு? ஜெரின், அங்கிக்கு அளவு குடுத்துடு.”

“இப்பவாச்சும் பட்டன்னு மாத்துங்களேன். இடது கையால அமுக்கிடுவாரு” என்றாள் ரோசா.

“தீர்மானம் போட்டாச்சே மதாம். சங்கத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குதுல்ல.”

“விடு ரோசா” என்றது ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு குரல். “ஸ்டார்ட் ஆச்சா இல்லியா?”

ஆட்டோ வில்லியனூர் ரோட்டில் திரும்பி மறைந்தது. அதே வழியாக, கையில் பிரஷ்ஷும் பசை டப்பாவுமாகக் கண்ணையன் வேகமாக வந்தான்.

“என்னா தலைவரே, கயிறுன்னு முடிவாயிடுச்சா? நல்லது. பசை காயறதுக்குள்ள சொல்லிடுங்க, தெர்மாகோல் வண்டில அத எந்தப் பக்கம் ஒட்டணும்? எந்தப் பக்கம் ஒட்டினாலும், பின்னால இருந்து தள்ளப்போறது நாங்க நாலு பேருதான்.”