விஷம் காட்டும் கவசம்

"தொண்ணூத்தி நாலு நாளுங்க தம்பி! எம்பட புள்ள ராப்பகலா உக்காந்து செஞ்சது. கடைசியில நீங்க குடுத்த பொருளு பொய் சொல்லுது!"

தண்டாயுதபாணி மேசைமேல் இருந்த கைக்கவசத்தை எடுத்து ஓங்கி வைத்த வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது. சேலத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒயர் வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மகள் தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போலாங்கப்பா. நான் ஊட்டுல பாத்துக்கறேன்."

"நீ சும்மா இரு சாமி. நீ வாயத் தொறக்காம இருக்கறதுனாலதான் ஆளாளுக்கு உந்தலையில மொளகா அரைக்கறானுங்க."

கடைக்காரர் தவ்ஹீத் கவசத்தைப் புரட்டிப் பார்த்தார். முழங்கை வரை வரும் அலுமினியக் கவசம். தேவிப்ரியா விளையாடும் வீடியோ கேமில், செத்த காட்டுக்குள் தனியாக நடக்கும் ஒரு வீராங்கனை அணிவது. விஷக் காற்று நெருங்கினால் மணிக்கட்டில் சிவப்பு எரியும். மற்ற நேரமெல்லாம் பச்சை.

நாளைக்குக் கோவையில் போட்டி. வெறும் பொம்மையாக இருந்தால் சேர்க்க மாட்டார்கள், நிஜமாகவே வேலை செய்ய வேண்டும். ஜெயித்தால் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் வேலை. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருஷமாக ராசிபுரத்து வீட்டை விட்டு வெளியே வராத பெண்ணுக்கு இதை விட்டால் வேறு கதவு இல்லை என்று தண்டாயுதபாணி நம்பினார்.

கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்த மனைவி ஜோதி திரும்பி வந்த அன்றுதான் மகள் இதைத் தொடங்கினாள். அன்றைக்கு அவர் மனைவிக்கு ஒரு வாக்கும் மகளுக்கு ஒரு வாக்கும் கொடுத்தார். மகளுக்குக் கொடுத்தது, தகடு வேலை முழுக்கத் தன்னுடையது என்று. லாரிக்குப் பாடி கட்டுகிற கையால் ஒவ்வொரு தகடாக வெட்டி, வளைத்து, அவள் கைக்கு அளவெடுத்துப் பொருத்தினார். நேற்று ஜோதி கேட்டதற்கு, "சென்சார் கெட்டுப்போச்சும்மா" என்று மகள் முணுமுணுத்தது காதில் விழுந்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. வர மாட்டேன் என்றவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன பொய் சொல்லுதுன்னு சொல்லுங்கண்ணா."

"காலையில பச்சை எரியுதுங்க. பொழுது சாய, நான் பட்டறையிலிருந்து ஊட்டுக்குள்ள காலு வெச்சா செவப்பு. எங்க ஊட்டுல ஏதுங்க வெஷம்?"

"பட்டறையில வெல்டிங்கா? அந்தப் புகை சட்டையில ஒட்டியிருக்குமோ என்னவோ."

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. இன்னைக்கு லீவு. குளிச்சு, சலவைச் சட்டை போட்டுட்டு வந்திருக்கேன். இப்பப் பாருங்க!"

வாயிலிருந்த ஏலக்காயைக் கடித்தபடி அவர் கவசத்தின்மேல் குனிந்தார். சிவப்பு பளீரென்று எரிந்தது.

"பாத்தீங்களா?"

தவ்ஹீத் நெற்றியைச் சுருக்கினார். "பாப்பாவை இறக்கி விட்டுட்டு நீங்க டயருக்குக் காத்துப் பிடிக்கப் போனீங்கல்ல, அந்த முக்கால் மணி நேரமும் பச்சைதாங்க எரிஞ்சுது. நான் போட்டுப் பார்த்தேன், பாப்பா போட்டுப் பார்த்துச்சு."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"ஐயோ, இல்லண்ணா." அவர் கவசத்தைத் தன் பக்கம் இழுத்து, பச்சை வந்ததும் சர்க்யூட் போர்டு துடைக்கும் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அருகில் கொண்டுவந்தார். சிவப்பு. மூடி, தள்ளி வைத்தார். கொஞ்ச நேரத்தில் பச்சை. "மேடையில நிஜ விஷத்தையா காட்ட முடியும்? இதைத்தான் திறந்து காட்டப் போறேன்னு சென்சார் வாங்குன அன்னைக்கே பாப்பா சொல்லுச்சு. சரியாத்தானே வேலை செய்யுது?"

"அப்பறம் என்னைக் கண்டா மட்டும் எதுக்குங்க எரியுது? நான் என்ன பாம்பா?"

ஒயர் வாங்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். தண்டாயுதபாணியின் முகம் கறுத்தது.

தவ்ஹீத் கவசத்தின் உள்மூடியைக் கழற்றினார். வட்டமான சின்னச் சென்சாரில் இருந்த எண்ணைப் படித்தார். சட்டென்று நிமிர்ந்து தண்டாயுதபாணியைப் பார்த்தார், பிறகு தேவிப்ரியாவை. அவள் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

"அண்ணா..." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் வேற ஒண்ணு மாத்தித் தரேன். விடுங்க."

"விடறதா? தப்பு உங்க மேலதான்னு தெரிஞ்சதும் இப்ப எறங்கி வாரீங்களா?" அவர் வண்டிச் சாவியால் மேசையைத் தட்டினார். "எம்புள்ள பொழப்புங்க இது! என்ன பொருளு இது? எதைக் கண்டா எரியும்? சத்தமாச் சொல்லுங்க, கடையில இருக்கறவங்க அத்தனை பேரும் கேக்கட்டும்!"

"வேண்டாம்ணா. வீட்டுக்குப் போய்ப் பாப்பாகிட்டயே கேட்டுக்கங்க."

"இங்கயே, இப்பவே தெரியோணும்! தெரியாம வண்டிய எடுக்க மாட்டேன்!"

தேவிப்ரியா முன்னால் வந்தாள். கவசத்தை எடுத்து இடது கையில் மாட்டி, பட்டையை இறுக்கினாள்.

"அப்படி வா சாமி! நீயே கேளு!"

அவள் தவ்ஹீத் பக்கம் திரும்பவில்லை. கவசம் போட்ட கையை அப்பாவுக்கு நேராக நீட்டினாள். சிவப்பு எரிந்தது.

"சாவியைக் குடுங்கப்பா. வண்டிய நான் ஓட்டறேன்."

"எதுக்குடா சாமி?"

"கெட்டுப்போச்சுன்னு அம்மாகிட்டப் பொய்தாங்கப்பா சொன்னேன். இது குடிச்சவங்க மூச்சைக் கண்டுபிடிக்கற சென்சாருங்கப்பா."