மைத்துனன் வைத்த பரீட்சை

"கண்ணை நல்லாத் தொறந்து பாத்துச் சொல்லுங்க மாமா. வலது பக்கம் என்ன தெரியுது?"

சுக்கானைப் பிடித்திருந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியின் தம்பி, பத்து வயது இளையவன். கேப்டன் என்ற ஒரே காரணத்துக்காகப் பின்னால் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேள்வி கேட்கிறான்.

"பச்சை மிதவை, மாப்ள. இடது பக்கம் சிவப்பு."

"நடுவுலயே போங்க."

தீவு தீவாகச் சரக்கும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மூன்று நாளாக வந்த பாய்மரக் கப்பல் அது. இப்போது பாய்களைச் சுருட்டிவிட்டு, இன்ஜினில் துறைமுக வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் நாற்பது பயணிகள் மூட்டை முடிச்சோடு நகரத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த இடத்தில் எப்போதும் மைத்துனன்தான் சுக்கானைப் பிடிப்பான். இன்று காலை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு நீங்களே உள்ள கொண்டு போங்க. பாக்கறது அத்தனையும் வாய்விட்டுச் சொல்லணும். ஒழுங்காக் கொண்டுபோய்க் கட்டிட்டா லைசென்ஸ் ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்."

அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர் சொந்தப் படகு ஓட்ட முடியாது. மூன்று வருஷமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டார். "அக்கா புருஷன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான்னு நாளைக்குப் பேச்சு வரும்" என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தவன் இவன்.

"மணி என்ன?" என்றான் மைத்துனன், மணிக்கட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு.

"எட்டே கால்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. குனிந்து பார்க்கக்கூடத் துரைக்கு உடம்பு வணங்கவில்லை.

"அப்போ பெரிய ஃபெர்ரி கிளம்பியிருக்கும். தெரியுதா?"

"எங்க தெரியுது? ஒரு எண்ணெய்க் கப்பல் மறைச்சுக்கிட்டு நிக்குது."

சொல்லி வாய் மூடவில்லை. எண்ணெய்க் கப்பலின் பின்னாலிருந்து ஃபெர்ரி வெளியே வந்தது.

"மாப்ள! வந்துடுச்சு!"

"எவ்வளவு தூரம்?"

"நம்ம கப்பல் நீளத்துக்கு மூணுதான் இருக்கும்!"

"அதோட மூக்கு எந்தப் பக்கம்?"

"நம்மளைப் பாத்துத்தான் வருது! எந்திரிச்சு வாயேன்டா!"

"சரியாச் சொல்லுங்க. இடதா, வலதா, நேராவா?"

"நேரா!"

"முழுசா வலது திருப்புங்க. ஹாரனை அடிங்க!"

திருப்பினார். ஃபெர்ரியின் பக்கவாட்டுச் சுவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உரசாமல் கடந்தது. மேல்தளத்தில் பயணிகள் அலறினார்கள். கப்பல் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது.

"நாப்பது உசுருடா! கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, நீ வந்து பிடிக்கக் கூடாதா?"

"பரீட்சை உங்களுக்கா எனக்கா? அடுத்த மிதவை என்ன கலர்?"

இவனெல்லாம் மனுஷனா என்று வீட்டுக்குப் போனதும் இவன் அக்காவையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். மிதவை சிவப்பு என்றார்.

"துறைமுகச் சுவருக்கு எத்தனை அடி?"

"பத்து... அஞ்சு... தொட்டுடுச்சு."

"இன்ஜினை நிறுத்துங்க."

கயிறு கட்டியாயிற்று. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, லாரிகளுக்கும் கூச்சலுக்கும் நடுவே கலந்து போனார்கள். அவருக்கு மனசுக்குள் சந்தோஷம் பொங்கியது. சட்டைப்பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து மைத்துனன் முன்னால் மேஜையில் வைத்தார். மேலே பேனாவையும் வைத்தார்.

"போடு. இனிமே செத்தாலும் உன்கூடக் கப்பல் ஏற மாட்டேன்."

மைத்துனன் வலது கையை மெல்ல அவர் பக்கம் நீட்டினான்.

"எந்த இடத்துலன்னு என் விரலைப் பிடிச்சு வைங்க மாமா. விடிஞ்சதுலேருந்து எனக்குக் கண்ணே தெரியல."