மைமூன் கையில் நாலு வினாடி

மைமூன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கூடைப்பந்து இறுதியாட்டம். கெலாங் பாத்தா ஊர்ப் பெண்கள் ஐம்பத்தொன்று, பத்து பாகாட் ஊர்க் கல்லூரிப் பெண்கள் ஐம்பது. மிச்சம் இருந்தது நாலே வினாடி. பக்கக் கோட்டிலிருந்து எறிந்த பந்து கல்லூரியின் லோஷினி கையில் வந்து விழுந்தபோது, வளையம் வரை அவளை மறிக்க ஒருத்தியும் இல்லை.

பந்து கையில் பட்டதுமே நேரம் பார்க்கும் மேசையில் இருப்பவர் பொத்தானை அமுக்க வேண்டும். அப்போதுதான் கடிகாரம் ஓடும்.

மேசையில் இருந்தவள் மைமூன்.

அவளுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் வேலை. யார் எத்தனை வினாடியில் காலர் தைக்கிறார்கள் என்று ஸ்டாப்வாட்ச் பிடித்து அளப்பதுதான் இருபது வருடமாக அவளுக்குச் சோறு போடுகிறது. அந்தக் கை தப்பாது என்று ஊரில் பெயர்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொள்ள, கல்லூரி அரங்கில் ஒதுங்கியவள் அவள். மழை விட்டது, அவள் விடவில்லை. அந்தக் கல்லூரியில் அவளும் படித்ததில்லை, அவள் வீட்டுப் பிள்ளைகளும் படித்ததில்லை. ஆனாலும் கல்லூரி தோற்ற அன்று குழம்பில் உப்பு இருக்காது. வீட்டுக்காரர் மீரா சாகிபு முதல் கவளத்திலேயே ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். மனிதர் உப்பில்லாமல் நிறையவே சாப்பிட்டிருக்கிறார். கல்லூரி ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கியதில்லை.

மூன்று வருடமாக அவளுக்கு இந்த மேசை. கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது. அவள் எந்தக் கட்சி என்பது கெலாங் பாத்தாக்காரர்களுக்கும் தெரியும். தெரிந்தும், மைமூன் உட்கார்ந்தால் எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவளுக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை.

லோஷினி பந்தைப் பிடித்ததும் மைமூன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மற்றவர்களைப் போல ஆட்டம் பார்க்க ஆரம்பித்தாள்.

சுவரில் கடிகாரம் நாலிலேயே நின்றது.

ஒன்று. இரண்டு. பிறகுதான் விரல் ஞாபகத்துக்கு வந்தது. அமுக்கினாள்.

தன் கட்சிக்கு இரண்டு வினாடியைத் தானமாகக் கொடுத்துவிட்டாள். நடுவர்கூடக் கவனிக்கவில்லை, எல்லார் கண்ணும் பந்தின் மேல்.

பந்து விழுந்தால் கோப்பை கல்லூரிக்கு. ஆனால் அது திருட்டுக் கோப்பை. உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் கையிலிருந்து அவளே அதைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால், இனி எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவது?

லோஷினி வளையத்துக்குக் கீழே போய்விட்டாள். அங்கிருந்து அவள் தவறவிட்டதை மைமூன் பார்த்ததே இல்லை.

யா அல்லாஹ், இது விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பந்து வளையத்தின் அடியில் இடித்துத் திரும்பியது. ஆட்டம் முடிந்ததற்குச் சங்கு ஊதியது.

அரங்கமே இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, மைமூனுக்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது. இப்படிச் சந்தோஷப்படுவது பாவம் என்று தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் போத்தலைத் திறந்து பாதியை ஒரே மடக்கில் குடித்தாள். ஆட்டத் தாளில் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். அந்த இரண்டு வினாடி இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

எதிரே கல்லூரிப் பெஞ்சில் பயிற்சியாளர் ரூபேந்திரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். இவ்வளவு பக்கத்திலிருந்து போடத் தெரியாதா என்று லோஷினியைப் பார்த்து அவள் அணிக் கேப்டன் மலாயில் கேட்டது மேசை வரைக்கும் எட்டியது.

ஆட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து கை கொடுப்பது வழக்கம். லோஷினி கடைசியாக வந்தாள். அவள் அழுதிருக்கவில்லை. மைமூனின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“நாலு வினாடியும் மனசுக்குள்ள எண்ணி முடிச்சிட்டேன் ஆன்ட்டி. சுவத்துல பாத்தா இன்னும் ரெண்டு இருக்கு. அதான் வேணும்னே வளையத்து அடியில அடிச்சேன். போட்டிருந்தா அது நம்ம கோப்பையா இருந்திருக்காது லா.”

அந்தப் பெண் திரும்பிப் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

வேண்டுதல் பலித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் மைமூன். இப்போது அந்த நிம்மதி போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. மேசைக்கு வருமுன் இந்தக் கல்லூரிக்காக அத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியது வீண் இல்லை என்று தோன்ற, நிம்மதி இன்னும் கூடியது.

மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து ஆடுகளத்தைக் குறுக்கே நடந்து கடந்தாள். நடுவரும் கெலாங் பாத்தா பயிற்சியாளரும் அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

“ரூபேந்திரன் தம்பி, துண்ட எடுங்க. அந்தப் பிள்ளை மேல தப்பே இல்ல, வேணும்னேதான் போடல. கடிகாரத்த நான்தான் ரெண்டு வினாடி லேட்டா அமுக்கினேன்.”