இடது ஓரத்துப் பட்டன்

பெட்டி சிடியைத் துப்பிவிட்டது.

மறுபடியும் வைத்தாள். மறுபடியும் துப்பியது. பிடிக்காத மாத்திரையை அவர் துப்புகிற மாதிரி. நாலு மாதமாக அவள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

மகனின் கேம் பெட்டி அது. பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டுப் போனான். சிடி பிளேயர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. இப்போது வீட்டில் சிடி ஓட்டத் தெரிந்தது இது ஒன்றுதான்.

போனில் மகன்.

"எழுத்து இருக்க பக்கம் மேல இருக்கணும்மா."

திருப்பி வைத்தாள். பெட்டி விழுங்கிக்கொண்டது.

சக்கர நாற்காலியில் அவர். வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் அந்தக் கையோடு பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தது.

பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண் வாராவாரம் ஒன்றையே சொல்லிவிட்டுப் போவாள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். தினமும் பத்துத் தடவை. உங்கள் வாயைப் பார்த்துத்தான் அவர் வாய்க்கு ஞாபகம் வரும்.

சரியென்று தலையாட்டுவாள். அடுத்த வாரம் கேட்டால், சொன்னேனே என்பாள்.

பச்சைப் பொய்.

இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பேரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஊர்க் கோயில் சுவாமிக்கும் அதே பேர். அதனால் ஆட்டோக்காரரிடம் காந்திமதியம்மன் கோயில் என்றுதான் சொல்லுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேர் கேட்டபோது, அந்தப் பதற்றத்திலும், ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள்.

சொல்லத்தான் முடியவில்லை. அவர் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது. அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

சிடியில் மகனின் முதல் பிறந்தநாள். அவருடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா. எடுத்தது முழுக்க அவர்தான். அதனால் அவர் எதிலும் இல்லை. குரல் மட்டும் இருக்கும்.

"ரிமோட்டக் காணோமேடா?"

"கேம் ஆடுறதுதாம்மா ரிமோட். இடது ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும், அது பின்னால ஓட்டும். எனக்கு மீட்டிங் இருக்கு, வச்சிரட்டா?"

அந்தக் கேம் ரிமோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவருடைய இடது கையில் கொடுத்தாள். இதைத் தொட்டதற்காகத்தான் ஒரு காலத்தில் மகனை அந்த விரட்டு விரட்டினார். பரீட்சை வந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுவார். இப்போது மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள்.

படம் ஓட ஆரம்பித்தது.

பலூன்கள். கேக். மஞ்சள் புடவையில், ஒல்லியாக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே.

"ஏளா, இங்க பாரு."

அவர் குரல்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதமாக அவளை யாரும் ஏளா என்று கூப்பிடவில்லை.

"பிள்ளையோட அப்பா பேரு என்ன? கேமராவப் பாத்துச் சொல்லு."

மஞ்சள் புடவைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போங்க."

படம் சட்டென்று பின்னால் ஓடியது.

"ஏளா, இங்க பாரு. பிள்ளையோட அப்பா பேரு என்ன?"

பெட்டி மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து எழுந்தாள். படம் கொஞ்சம் ஓடியது. மறுபடியும் பின்னால் போனது. மறுபடியும் அதே கேள்வி.

திரும்பிப் பார்த்தாள்.

அவர் டிவியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடது ஓரத்துப் பட்டன் மேல் இருந்தது. கண்ணில் அந்தப் பழைய குறும்பு.

"போங்க," என்றாள்.

விரல் அழுத்தியது.

"கேமராவப் பாத்துச் சொல்லு."

நாற்காலிக்கு எதிரே, அவர் முகத்துக்கு நேராக முட்டி போட்டு உட்கார்ந்தாள். முந்தானை தானாக வாய்க்குப் போனது. அதைக் கீழே இறக்கினாள்.

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது.

அவர் அழுத்தினார். டிவி கேட்டது.

"நெல்லையப்பன்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் அழுத்தினார்.

அன்றைக்குப் பத்துத் தடவைக்கு மேலேயே ஆயிற்று.